பெட்டை நாய்க்குட்டிக்குப் பிரெஞ்சுப் பெயர்: மட்டக்களப்பு வாய்க்கு எது ஒத்துவரும்?

பிரெஞ்சில் பெண் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. அமெலி, சோஃபி, கொலெத், மார்கோ, நினோன், எலீஸ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாமே காதுக்கு இனிமைதான். ஆனால் நாயின் பெயர் எழுதி அழகு பார்ப்பதற்கில்லை, கூப்பிடுவதற்கு. காலையில் குசினியிலிருந்து, மத்தியானம் வளவின் கோடியிலிருந்து, பொழுதுபட்டால் படலையடியிலிருந்து என்று நாள் முழுக்கச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கும். நாய் நல்லபடி வாழ்ந்தால் இது பத்துப் பன்னிரண்டு வருடம் நடக்கும். அதனால் பெயர் தேடத் தொடங்கியதும் நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் கையில் பிடித்துக்கொண்டேன்: வீட்டில் மூத்தவரின் வாயில் அந்தப் பெயர் எப்படி வருகிறது? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரெஞ்சுப் பெயர்தான் வேண்டும் என்ற நிபந்தனை தங்கச்சியின் மகளிடமிருந்து வந்தது. பாரிஸில் வளரும் பிள்ளை. விடுமுறைக்கு மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மீன் சந்தைக்குப் பின்னால் கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தவிட்டு நிறம், முன்கால் ஒன்றில் மட்டும் சொக்ஸ் போட்டதுபோல வெள்ளை, சுத்தமான நாட்டு நாய். கூடப் பிறந்த கடுவன் குட்டிகளை ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். பெட்டை என்பதால் இது மிஞ்சிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பெட்டைக்குட்டிகளுக்கு வழக்கமாக நடப்பது இதுதான், அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பிள்ளை திரும்பிப் போகும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீடியோ அழைப்பில் தானும் கூப்பிடக்கூடிய பெயராக இருக்க வேண்டும். ஆக, பாரிஸில் அவளும் கல்லடியில் எங்கள் அம்மம்மாவும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். இருவர் சொல்வதும் குட்டியின் காதுக்கு ஒரே பெயராகக் கேட்க வேண்டும்.

பிரான்சில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. அங்கே வம்சாவளி நாய்களுக்கான பதிவேடு 1885இல் தொடங்கியது. 1926 முதல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் எழுத்து ஒதுக்குகிறார்கள். அந்த வருடம் பிறந்து பதிவாகும் குட்டிகளின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கே, கியூ, டபிள்யூ, எக்ஸ், வை, இசட் ஆகிய ஆறையும் 1973இல் விலக்கிவிட்டார்கள், அவற்றில் பெயர் கிடைப்பது சிரமம் என்று. மிச்சம் 20 எழுத்து, 20 வருடத்துக்கு ஒரு சுற்று. 2024 வி, 2025 ஏ, 2026 பி. நாயின் பெயரைக் கேட்டே அதன் வயதைச் சொல்லிவிடலாம். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நமக்கு இது அந்நியமாகப் படாது. சாதாரண நாய்களுக்கு இது கட்டாயமில்லை. இருந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திண்டாடுபவர்களுக்கு நல்ல பிடி. பி எழுத்தில் பெல், பிஜூ, பாபெத், பிரியோஷ், பொன் என்று வரிசை வரும். அந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப்பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது மனிதப் பெண் பெயர்கள். எங்கள் தெருக்களில் திரியும் ஜிம்மி, டொமி, பிளாக்கிகளுக்கு நடுவே எத்தனை ஜூலிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஜூலி பிரான்சில் நன்றாகப் புழங்குகிற பெயர்தான். இரண்டு அசை, நீண்டு ஒலிக்கும் முடிவு, எல்லோருக்கும் வாயில் வரும். குறை ஒன்றுதான்: கல்லடியில் படலையில் நின்று ஜூலி என்று கூப்பிட்டால் உங்கள் நாயோடு பக்கத்து ஒழுங்கை நாயும் சேர்ந்து ஓடிவரும். அதைப் பொருட்படுத்தாதவர்கள் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

மற்றப் பெயர்களில்தான் நிதானம் வேண்டும். மட்டக்களப்புக்கும் பிரெஞ்சுப் பெயர்களுக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1890களில் பிரெஞ்சு யேசு சபைத் துறவிகள் இங்கே வந்தார்கள். புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்த பொனெல் அடிகளாரை இன்றும் பழைய மாணவர்கள் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். இங்கே கத்தோலிக்கக் குடும்பங்களில் புழங்கும் பெயர்களைப் பார்த்தால் பாதிக்குப் பிரான்சில் வேர் இருக்கும். லூர்து என்பதே தென்மேற்குப் பிரான்சில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கே 1858இல் மாதாவின் காட்சி கண்டதாகச் சொன்ன சிறுமி பெர்னதெத். குழந்தை தெரேசாவும் பிரெஞ்சுக்காரிதான். அவருடைய நான்கு அக்காமாரின் பெயர்கள் மரி, போலின், லியோனி, செலின். தாண்டவன்வெளியிலும் தன்னாமுனையிலும் புளியந்தீவிலும் இந்தப் பெயர்களில் ரீச்சர்மார், தாதிமார், கன்னியாஸ்திரிகள், அன்ரிமார் இருக்கிறார்கள். செலின் ரீச்சரிடம் படித்த ஒருவர் நாய்க்குச் செலின் என்று பெயர் வைத்துத் தெருவில் நின்று கூப்பிட்டால், அவருக்கு அது வெறும் பிரெஞ்சுப் பெயராகக் கேட்காது. அமெலிக்கும் இதே கதிதான். பாரிஸில் அது நாகரிகமான பெயர். எங்கள் வாயில் அது அமலி ஆகிவிடும், அமலி என்றால் நமக்கு முகம் தெரிந்த யாரோ ஒருவர்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் அயலவர்களையும் இதே மாதிரி நினைத்துப் பார்க்க வேண்டும். மிர்சா என்பது பிரான்சில் பெட்டை நாய்களுக்கு வழக்கமாக வைத்த பழைய பெயர். இங்கே அது ஒரு மனிதரின் பெயர். ஃபிஃபி என்று வைத்தால் ஃப வராத வாய்களில் அது பீபி ஆகும், அது பெண்களை மரியாதையாகக் குறிக்கிற சொல். வாசலில் துணி விற்க வருபவரின் தாயார் பெயரிலும் அது இருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் அடுத்த முறை நம் படலையில் நிற்கமாட்டார். லீலா, மீனா, ரீனா போன்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற பெயர்களையும் இதே காரணத்துக்காக நான் ஒதுக்கினேன். நாய்க்கு மனிதப் பெயர் வைப்பதே தவறு என்று சொல்லவில்லை. தெருவில் உள்ள ஒருவரின் பெயரை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது கூட்டம் கொஞ்சல் சொற்கள். ஷெரி, ஜோலி, பெல், பிஜூ, பியூஸ். நாய்க்குட்டிப் பெயர்ப் பட்டியல்களில் இவைதான் முன்வரிசையில் நிற்கும். பொருள் எல்லாம் அருமை: ஷெரி என்றால் செல்லம், ஜோலி என்றால் வடிவானவள், பெல் என்றால் அழகி, பிஜூ என்றால் நகை. பியூஸ் என்றால் தெள்ளு. பிரான்சில் தாய்மார் குழந்தைகளை ‘என் தெள்ளு’ என்று கொஞ்சுவார்கள், சின்ன உடம்பு நாய்க்கும் அதையே வைப்பார்கள். பாரிஸிலிருந்து பார்த்தால் இந்த வரிசைதான் வெல்ல வேண்டும். கல்லடியிலிருந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஷெரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசும்போது நாம் எத்தனை ‘சரி’ சொல்கிறோம்? சரி, சரி, சரி அக்கா, சரி வைக்கிறன். ஒவ்வொரு சரிக்கும் குட்டி எழும்பி ஓடிவரும், வந்து பார்த்தால் கூப்பிட்டவர் யாருமில்லை. இப்படிச் சில தடவை ஏமாந்தால் உண்மையாகக் கூப்பிடும்போதும் அது தலையைத் தூக்காது. தன் பெயரைக் கேட்டு வந்தால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் நாய் வருகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்கிற பெயர் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வேண்டாம். மார்கோவிலும் இதே சிக்கல்தான், அதுவும் மட்டக்களப்புக்கென்றே வாய்த்த சிக்கல். ‘மறுகா வா’, ‘மறுகா என்ன நடந்தது’ என்று, பிறகு என்பதற்குப் பேச்சுக்குப் பேச்சு மறுகா போடுகிற ஊரில் மார்கோ என்ற பெயர் பிழைக்காது. யாழ்ப்பாணத்தவர்களும் கொழும்புத் தமிழர்களும் தாராளமாக வைக்கலாம்.

ஜோலி என்ற பெயரைக் கேட்டவுடனே அம்மம்மா ‘ஆற்ற ஜோலி?’ என்றார், யாருடைய வேலை என்று. அதோடு அது முடிந்தது. பெல் பள்ளிக்கூட மணி. பிஜூ மலையாளத்து ஆண்பிள்ளையின் பெயராகவே பலருக்குத் தெரியும். பியூஸ் மின்சாரப் பெட்டியில் இருப்பது. ஆண் குட்டிக்கு வைக்கிற போ என்ற பெயரையும் ஒருவர் பெட்டைக்குச் சிபாரிசு செய்தார். ‘போ, இங்க வா’ என்று கூப்பிட்டால் அந்தச் சீவன் என்ன செய்யும்? கட்டளைச் சொற்களோடு மோதுகிற பெயர் எதையும் வைக்கக் கூடாது என்பது நாய் பழக்குகிறவர்கள் எல்லோரும் சொல்வது. நம் வீடுகளில் வா, போ, இரு, படு தமிழிலும் சிட், நோ ஆங்கிலத்திலும் கலந்து நடக்கும். அதனால் நத்தார்க் காலத்தில் பிறந்த குட்டிக்கு நொயெல் என்று வைக்க ஆசைப்படுபவர்களும் யோசிக்க வேண்டும். முதல் அசையே ‘நோ’.

ஜகரம் உள்ள பெயர்களில் இன்னொன்றும் உண்டு. ஜிஜி என்று ஒரு செல்லப் பெயர், பிரான்சில் நன்கு அறியப்பட்டது, சொல்லவும் சுலபம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மம்மா சொல்லிப் பார்த்தபோது அது ‘சீச்சீ’ என்று வந்தது. நாயை விரட்டுகிற அதே சொல். குட்டியைப் பாசத்தோடு விரட்டிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது சாப்பாட்டுப் பெயர்கள். பிரான்சில் நாய்க்கு இனிப்புப் பண்டங்களின் பெயர் வைப்பது மிகவும் சாதாரணம்: பிரலீன், பிரியோஷ், கரமெல், நுவாசெத். நாயின் மூக்கு நுனிக்கே அவர்கள் திரூஃப் என்றுதான் சொல்கிறார்கள், நிலத்துக்கடியில் விளையும் அந்த விலையுயர்ந்த காளானின் பெயர். எங்கள் குட்டியின் நிறத்துக்கு நுவாசெத் கச்சிதமாகப் பொருந்தும், அது தவிட்டு நிறக் கொட்டை ஒன்றின் பெயர். தங்கச்சியின் மகளும் அதைத்தான் முதலில் கேட்டாள். ஆனால் அந்தக் கடைசி அசை! ‘செத்’ என்று முடிகிற எதையும் ஒரு குட்டிக்கு வைத்துத் தினமும் கூப்பிட எனக்கு மனம் வராது. கொசெத், லிசெத் ஆகியவையும் இதனால்தான் விழுந்தன. கொலெத்தில் அந்தச் சிக்கல் இல்லை, அதற்குப் பதில் தொடக்கமே ‘கொலை’. எலீஸ் ‘எலி’ ஆகாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது. பாண் வண்டிகள் போட்டுக்கொண்டு வருகிற அந்த பீத்தோவன் மெட்டு எலீஸ் என்ற பெண்ணின் பெயரில் எழுதப்பட்டதுதான் என்று நான் சொன்னபோது பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்மேல் ஆசை பிறந்தது. பெயருக்கு ஆயுள் கூட்ட அது போதவில்லை.

பிரலீன், பிரியோஷ் இரண்டும் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவதால் நம் வாயில் ‘பிர’ என்று விரிந்து, மூன்று அசையாக நீளும். முடிவும் அடைத்துப் போகிறது. தமிழ் வாய் அடைத்த முடிவை விடாது, அதற்கு ஓர் உகரத்தை ஒட்டிவிடும். ரோஸ் ரோசு ஆகும், பாபெத் பாபெத்து ஆகும். பாரிஸில் அவள் பாபெத் என்பாள், இங்கே நாம் பாபெத்து என்போம், குட்டிக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். உயிர் எழுத்தில் முடிகிற பெயர்கள்தான் இரண்டு ஊரிலும் மாறாமல் நிற்கும். காற்றிலும் அவைதான் நிற்கும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது தெரியும். சோளகக் காற்று அடிக்கும்போது வளவின் இந்த முனையில் நின்று ரோஸ் என்று கத்திப் பாருங்கள், ‘ரோ’ மட்டும்தான் போய்ச் சேரும். ஆ, ஈ, ஓ என்று இழுத்து முடிக்கக்கூடிய பெயர் தென்னைகளைத் தாண்டிப் போகும்.

தொடக்க எழுத்தும் முக்கியம். நாய்க்கு நம்மைவிட மிக உயர்ந்த ஒலிகள் கேட்கும். நமக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான், அதற்கு ஏறக்குறைய 45,000 ஹேர்ட்ஸ் வரை. க, ட, ச போன்ற வெட்டென்று விழும் ஒலிகள் அதன் கவனத்தைச் சட்டென்று பிடிக்கின்றன. ம, ந, ல போன்றவை வீட்டுப் பேச்சோடு கரைந்துவிடும். மனோன், நினோன், லூலூ எல்லாம் அதனாலேயே எனக்கு இரண்டாம் பட்சம். மனோன் வேறு மனோன்மணியைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

இனி பழைய நாய்கள். நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான், எல்லோருக்கும் சிபாரிசு செய்வதும் இந்த வழியைத்தான். பெயர்ப் பட்டியல் பார்ப்பதை விட்டுவிட்டு, உண்மையில் பிரான்சில் வாழ்ந்த பெட்டை நாய்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். பதினைந்தாம் லூயி மன்னனின் காதலி மதாம் த பொம்பதூர் இரண்டு நாய்கள் வளர்த்தார், ஒன்று மிமி, மற்றது இனேஸ். இரண்டையும் ஓவியமாக வரைவித்து வைத்திருந்தார். பிரான்சின் அதிகாரம் மிக்க பெண்ணின் மடியில் கிடந்த நாயின் பெயர் மிமி. எந்தப் பாட்டிக்கும் வாயில் வரும் பெயர். ம என்ற மெல்லிய தொடக்கம் இருந்தாலும் ஈகாரத்தில் இழுத்து முடிக்க முடிகிறது. வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் சின்னக் குட்டிக்கு, பொமரேனியன் மாதிரி, இதைவிட நல்ல பெயர் இல்லை என்றே சொல்வேன். வளவு முழுக்க ஓடப்போகிற நாட்டு நாய்க்குக் கொஞ்சம் மென்மை கூடிவிட்டது.

பதினைந்தாம் லூயிக்கு முன் இருந்த பதினான்காம் லூயி பெரிய வேட்டைப் பிரியன். அவன் தன் பெட்டை வேட்டை நாய்களை தெபோர்த் என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்தான். 1702இல் வரைந்த ஓர் ஓவியத்தில் மூன்று பெட்டை நாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரைப் பொன் எழுத்தில் எழுதியிருக்கிறார் ஓவியர். பொன், நொன், பொன். முதல் பொன்னின் தொடக்கம் பஸ் என்பதன் ப, கடைசிப் பொன்னின் தொடக்கம் பல் என்பதன் ப. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். முதலாவதற்கு ‘நல்லவள்’ என்று பொருள். வெள்ளையும் தவிடுமாக வாட்டசாட்டமான நாய்கள், காட்டில் கவுதாரியைக் கண்டு ஒரு காலைத் தூக்கி அப்படியே நிற்கின்றன. மன்னனின் பிரியத்துக்குரிய பெட்டை நாயின் பெயர் தமிழ் வாயில் தானாகவே தங்கம் ஆகிறது என்றால் வேறு என்ன வேண்டும்? பாரிஸில் அவள் பொன் என்று கூப்பிடட்டும், இங்கே ‘பொன்னீ’ என்று இழுத்துக்கொள்ளலாம். பி எழுத்து வருடத்துக்கும் பொருந்துகிறது. பொருள் நல்லது, கதை நல்லது, ஒலி நல்லது.

எங்கள் வீட்டில் அதை வைக்க முடியவில்லை, காரணம் பொன்னம்மா. இரண்டு வளவு தள்ளி இருக்கும் பொன்னம்மா ஆச்சியை அந்தத் தெரு முழுக்கப் பொன்னி என்றும் பொன்னாச்சி என்றும்தான் கூப்பிடும். மட்டக்களப்பில், அம்பாறைக் கரையோர ஊர்களில், பொன்னம்மா இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். உங்கள் தெருவில் இல்லையென்றால் என் முதல் சிபாரிசு இதுதான், இரண்டாவது யோசனையே வேண்டாம். இருந்தால் விட்டுவிடுங்கள். எண்பது வயது மனுசி தன் பெயரைச் சொல்லி நாயைக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

கடைசியாக மேசையில் மிஞ்சியவை மிமி, கொக்கோ, கொரலி. கொரலி பவளத்தோடு சேர்ந்த பெயர். பாசிக்குடாவில் முருங்கைக்கல் என்கிற பவளப்பாறை பார்த்து வளர்ந்த நமக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும். மூன்று அசை என்பதுதான் தடை. நாளாவட்டத்தில் வீட்டார் சுருக்குவார்கள், சுருக்கினால் ‘கொறி’ என்று ஆடு ஒன்று வந்து நிற்கும்.

கொக்கோ என்றதும் இங்கே எல்லோரும் சொக்லட் செய்கிற கொக்கோவைத்தான் நினைத்தார்கள். பிரெஞ்சில் அதற்குச் சொல் கக்காவோ. கொக்கோ என்றால் தேங்காய். வெளியே தவிடு, உள்ளே வெள்ளை. ஒரு கால் வெள்ளையான எங்கள் குட்டியைப் பார்த்தால் இந்தப் பெயர் யாரோ அளவெடுத்துத் தைத்தது என்றே தோன்றும். கோடிப்புறத்தில் தேங்காய் விழுகிற சத்தம் கேட்டே வளர்ந்த வீட்டுக்குத் தேங்காய் என்ற பெயரில் ஒரு நாய் வருவது எனக்கு மிகவும் பிடித்தது. சிறுவர்களையும் செல்லப் பிராணிகளையும் பிரெஞ்சுக்காரர் கொஞ்சுகிற சொல்லும் இதுதான். ஆடை வடிவமைப்பாளர் காப்ரியேல் ஷனேல் உலகம் முழுக்கக் கொக்கோ என்றே அறியப்பட்டவர். இரண்டு அசை, இரண்டும் க, ஓகாரத்தில் முடிவு. ‘க்’ இரட்டித்து வருவதால் எந்த வாயிலும் ககரம் மழுங்காது. கோகோ என்று எழுதினால் நடுவில் அது இளகிப்போகும், அதனால் எழுதும்போதும் கொக்கோ என்றே எழுதுவது நல்லது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. உலகம் முழுக்க நாய்களுக்கு வைக்கும் பெயர்களில் இதுவும் ஒன்று, தனித்துவம் தேடுகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். வாவிக் கரையில் கொக்குகள் இறங்கும்போது பிள்ளைகள் ‘கொக்கு, கொக்கு’ என்று கத்தினால் அது திரும்பிப் பார்க்கும். நான் இதைப் பெரிய குறையாக எடுக்கவில்லை. கொக்கு எல்லா நேரமும் வருவதில்லை, ‘சரி’ எல்லா நேரமும் வருகிறது.

முடிவைத் தந்தது அம்மம்மாவின் வாய்தான். முன்பற்கள் இல்லாதவர். மிமி அவர் வாயில் வீட்டுச் சத்தத்தோடு கலந்துபோனது. கொரலி இரண்டாவது அசையிலேயே தடுக்கியது. கொக்கோ என்று அவர் திண்ணையிலிருந்து சொன்னபோது, பூச்சட்டிக்குப் பின்னால் மண் கிண்டிக்கொண்டிருந்த குட்டியின் இடது காது எழும்பியது, வலது காது மடிந்தபடியே இருந்தது, பிறகு தலை திரும்பியது. அன்று இரவு பாரிஸிலிருந்து அழைப்பு வந்தபோது தொலைபேசியை நிலத்தில் வைத்தோம். திரைக்குள்ளிருந்து வந்த கொக்கோவுக்கும் அதே காது எழும்பியது.

பெயர் எதுவானாலும் முதல் வாரங்களில் ஒன்றைக் கவனியுங்கள். ஆளுக்கொரு சுருக்கம் வேண்டாம். மச்சாள் கொக்கி என்றும் பக்கத்து வீட்டு மாமி கொக்கா என்றும் கூப்பிட விடாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு துண்டு மீனோ, ஒரு தடவலோ கிடைக்க வேண்டும். ஏசும்போது பெயரைச் சொல்லக் கூடாது. பாயில் ஒன்றுக்குப் போனதற்காகப் பெயர் சொல்லி அதட்டினால், அடுத்த தடவை அந்தப் பெயர் கேட்டதும் அது கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

பெயர் முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, அட்டையில் பெயரை எழுதி வாங்குவது. நான் தமிழிலேயே எழுதச் சொன்னேன். பெட்டை என்பதால் கருத்தடைச் சத்திரசிகிச்சையை எப்போது செய்யலாம் என்று மிருக வைத்தியரிடம் அன்றைக்கே கேட்டு, அந்த அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். பெட்டைக்குட்டி எடுக்கிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டு வாருங்கள். மீன் சந்தைக்குப் பின்னால் கிடக்கும் அடுத்த குட்டிகள் குறைவது அதில்தான் இருக்கிறது.